மூக்காச்சி சத்திரத்துச் சாத்துவான்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் இருந்த மூக்காச்சி சத்திரத்தை ஜெயிலாக மாற்றலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியதோ, அவர் நன்றாக இருக்கட்டும். காதால் கேட்கிறபோது நியாயமாகத்தான் இருந்தது. பழைய சப் ஜெயிலின் கூரை ஐப்பசி மழையில் உட்கார்ந்துவிட்டது. புதிதாக ஒன்று கட்ட சர்க்காருக்கு மனசில்லை. சத்திரமோ ரயில் வந்த நாளிலிருந்து சும்மா கிடந்தது. அதற்கு முன்னால் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மலையாளத்துக்கு நடந்து போகிறவர்களும் வண்டிக்காரர்களும் அங்கே சாப்பிட்டுப் படுத்து எழுந்து போனார்கள். மலையைக் குடைந்து கொல்லத்துக்கு ரயில் விட்ட பிறகு எவன் நடப்பான்? வௌவால்களும் வழி தவறிய ஆடுகளும்தான் தங்கின.

சுவர் ஒவ்வொன்றும் இரண்டு முழக் கனம். ஜன்னல்கள் பூனை நுழையாத அளவு. நடுவில் முற்றம், சுற்றி அறைகள், பின்னால் கிணறு, ஊருக்கே சோறாக்கக்கூடிய அடுக்களை. பார்வையிட வந்த தாசில்தார், சத்திரத்துக்கும் ஜெயிலுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை, இரண்டிலும் சும்மா சோறு போடுகிறோம், அதில் சாப்பிட்டதும் போகச் சொல்வார்கள், இதில் போகவிட மாட்டோம், அவ்வளவுதான் என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். தாசில்தார் சொன்னால் சிரிக்காமல் வேறு என்ன செய்வது?

கதவைப் பற்றி மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அந்தச் சத்திரத்துக்குக் கதவே கிடையாது என்பது கண்ணில் பட்டிருக்கும். நிலை உண்டு, படி உண்டு, கதவு இருந்ததற்கான தடம்கூட இல்லை. ஏன் இல்லை என்பதை நிலைக்கு மேலே கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள்: ‘இந்தச் சத்திரத்து வாசலை அடைத்தவன் வமிசம் விளங்காது. அவன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவனோ அந்தச் சாமியே கேட்கும்.’

சத்திரத்தைக் கட்டிய மூக்கம்மாள் சின்ன வயசில் கைப்பிள்ளையோடு கணவாய் இறங்கி வந்து, கொட்டுகிற மழையில் யாரோ ஒரு பெரிய மனிதர் வீட்டு வாசலில் நின்றாளாம். முகத்துக்கு நேரே கதவை அடைத்தார்களாம். அந்தப் பிள்ளை தக்கவில்லை. பிற்பாடு அவள் கையில் காசு சேர்ந்து சத்திரம் கட்டியபோது, கதவுக்கு ஆகிற செலவைச் சாபத்துக்குப் போட்டுவிட்டாள்.

கல்லைக் கொத்திவிடலாம் என்றார் காண்டிராக்டர். உளி பிடிக்க ஒரு கொத்தன் அகப்படவில்லை. சுண்ணாம்பு அடித்து மறைத்தார்கள். ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் கல்லில் இருந்த சுண்ணாம்பெல்லாம் வழிந்து, எழுத்துக் குழிகளுக்குள் இருந்தது மட்டும் தங்கிவிட்டது. அதற்கு முன்னால் கிட்டப் போய்க் கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டியிருந்த சாபம், இப்போது சாலையில் போகிற வண்டிக்காரனுக்கும் தெரிந்தது. இலஞ்சிக் கொல்லன் கம்பிக் கதவு செய்து கொண்டுவந்தான். திறந்த வாக்கிலேயே மாட்டினான். மாட்டுவது என் வேலை, மீதி உங்கள் வேலை என்று சொல்லி, கூலியைக்கூடக் கேட்காமல் நடையைக் கட்டினான்.

இந்த லட்சணத்தில் அங்கே ஹெட் வார்டராக வந்து சேர்ந்தவன் தாணுமாலயன். ஆள் அய்யனார் சிலை மாதிரி இருப்பான். காக்கி உடுப்பும் பித்தளைப் பட்டை வைத்த பெல்ட்டும் போட்டால் கைதிகளுக்குத் தானாக எழுந்து நிற்கத் தோன்றும். வீட்டுக்குள் நுழைந்தால் உலகம்மாள் வைத்ததுதான் சட்டம். கல்யாணமாகிப் பத்துப் பன்னிரண்டு வருஷமாகப் பிள்ளை இல்லாமல், ஏறாத மலையில்லை, முங்காத தீர்த்தமில்லை என்று அலைந்து, இப்போதுதான் உலகம்மாளுக்கு ஐந்து மாசம். அவர்களுக்குக் கொடுத்த வீடு சத்திரத்துக்குள்ளேயே கிணற்றை ஒட்டிய இரண்டு அறை. உள்ளே வரவும் வெளியே போகவும் எல்லோருக்கும் அந்த ஒரே வாசல்தான்.

முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கைதிகளை எண்ணி உள்ளே விட்டதும், ‘சரி, அடை’ என்று சொல்லிவிட்டுத் தாசில்தார் வண்டியில் ஏறினார். ஏறினவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கும் மூன்று பெண்கள் இருந்தார்கள். தாணுமாலயன் கதவைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான், கிணற்றடியில் வயிற்றைத் தடவிக்கொண்டு நின்ற பெண்டாட்டியைப் பார்த்தான். கதவை அடைத்தால் பிள்ளை போகும். அடைக்காவிட்டால் வேலை போகும். வேலை போனால் வாசுதேவநல்லூரில் மைத்துனன் வீட்டுத் தொழுவில் சாணி அள்ளத்தான் போக வேண்டும். அவன் ஒரு பெஞ்சை இழுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டு, அதில் விடிய விடிய உட்கார்ந்திருந்தான்.

சமையலுக்கு இருந்த ரெபேக்காளிடம் மறுநாள் நைசாகப் பேசிப் பார்த்தான். நீ வேதக்காரி, உனக்கு இதெல்லாம் ஒட்டாது, சும்மா இடது கையால் ஒரு தள்ளு தள்ளிவிடு என்றான். ரெபேக்காள் கரண்டியும் கையுமாக வந்து கல்லில் இருந்த இரண்டு வரியையும் படித்தாள். அந்த ஆச்சி எங்களையும் சேர்த்துத்தான் எழுதி வைத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டுக் கஞ்சியைக் கிண்டப் போய்விட்டாள்.

ஒரு வாரம் பெஞ்சில் உட்கார்ந்து தாணுமாலயனுக்கு இடுப்பு விட்டுப்போனது. அப்புறம் மாட்டுப் பட்டியில் பிடித்து வைத்திருந்த குத்துக் காளை ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் கட்டினான். அது பக்கத்தில் போனவனையெல்லாம் முட்டிப் பேர் வாங்கின காளை. நல்ல யோசனைதான். ஆனால் கைதிகளுக்கு வேறு என்ன வேலை? புல்லைக் கொடுத்தார்கள், கழுத்தைச் சொறிந்துவிட்டார்கள், கஞ்சித் தண்ணீர் காட்டினார்கள். நாலே நாளில் அது அவர்களை நக்கிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. சோதனைக்கு வந்த தாசில்தாரின் குடையைக் கண்டதும்தான் அதற்குப் பழைய ஞாபகம் வந்தது. தாசில்தார் சாலையோர வாய்க்கால்வரை ஓடினார். அவரைக் கைதிகள்தான் வெளியே ஓடிப்போய்த் தூக்கி நிறுத்தி, துடைத்துவிட்டு, மறுபடி ஒழுங்காக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

தாசில்தார் படித்தவர். படித்தவர்களுக்குச் சங்கடம் வந்தால் இன்னும் அதிகம் படித்தவர்களைத் தேடிப் போவார்கள். தென்காசியில் ஆறுமுகநயினார் என்று ஒரு தமிழ்ப் பண்டிதர் இருந்தார். அவர் வந்து கல்லுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, தீர்ப்புச் சொன்னார். கல்லில் இருப்பது அடைத்தல். அடைப்பதாவது, வழியே இல்லாமல் செய்வது. சாத்துதல் அப்படியல்ல. சாமிக்கு மாலை சாத்துகிறோம், சந்தனம் சாத்துகிறோம், கோயிலில் நடை சாத்துகிறோம். சாத்துவது மங்கலம். ஆகவே இந்தக் கதவைத் தாராளமாகச் சாத்தலாம், அடைக்கத்தான் கூடாது.

தாசில்தாருக்கு உயிர் வந்தது. அன்றைக்கே உத்தரவு போட்டார். இனிமேல் ஜெயிலில் சாயங்காலம் சாத்துவதுதான் உண்டு. அடை என்ற சொல்லை அந்த நாலு சுவருக்குள் ஒருவரும் வாயில் எடுக்கக்கூடாது. எடுத்தால் பண்டிதரின் தீர்ப்புக் கெட்டு, சாபம் விழித்துக்கொள்ளும்.

உத்தரவு போடுவது சுலபம். சாரல் காலத்தில் ஊரில் பாதிப் பேருக்கு மூக்கடைப்பு. கைதிகள் காலையில் எழுந்து, வார்டரய்யா, மூக்குச் சாத்திக் கிடக்கு என்றார்கள். பசி வந்தால் காதைச் சாத்தியது. ரெபேக்காள் வளர்த்த கோழி அடுப்புக்குப் பக்கத்தில் முட்டைகளைச் சாத்துக்காத்தது. வெளியே சந்தைக்குப் போன இடத்தில்கூட அவள் பழக்க தோஷத்தில், கடனை அடுத்த மாசம் சாத்திவிடுகிறேன் என்று சொல்ல, தன்னை அடிக்கப்போகிறாள் என்று பயந்த கடைக்காரர் மகனைத் துணைக்குக் கூப்பிட ஆளனுப்பிவிட்டார்.

எல்லாம் சரி, கதவில் யார் கை வைப்பது? உலகம்மாளிடம் பண்டிதரின் விளக்கத்தைத் தாணுமாலயன் விரல் விட்டு விளக்கினான். அவள் கடைசிவரை கேட்டாள்.

“மூக்காச்சி என்ன, பண்டிதர்கிட்டயா பாடம் படிச்சா? அவளுக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீரு அந்தக் கதவுல கைய வச்சீருன்னா நான் சுந்தரபாண்டியபுரத்துக்கு எங்க அம்மை வீட்டுக்குப் போயிருவேன்.”

அந்த நேரத்தில்தான் சுடலையாண்டி வந்து சேர்ந்தான். அவன் பெரிய அருவியில் வேட்டி திருடுகிறவன். அருவிக்குள் தலையைக் கொடுத்தவன் கண்ணைத் திறக்கமாட்டான், அந்தச் சுகம் அப்படி. அவன் கண் திறப்பதற்குள் பாறைமேல் வைத்த வேட்டி தென்காசிச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். சீசனில் துண்டோடு ஊர் திரும்பின பெரிய மனிதர்கள் அநேகம். அவன் இரண்டு நாள் வாசலில் நடக்கிற கூத்தைப் பார்த்தான். மூன்றாம் நாள் தாணுமாலயனிடம் வந்தான்.

“எனக்குத் தாயில்ல, தகப்பனில்ல, கட்டினவ இல்ல. விளங்காமப் போறதுக்கு என்கிட்ட வமிசம் எங்கன இருக்கு? நான் சாத்துதேன் வார்டரய்யா. சாரல் வேற உள்ள அடிக்குது, குளுருது.”

சொன்னபடி உள்ளேயிருந்து கதவை இழுத்துச் சாத்தினான். தாணுமாலயன் உள்ளே நின்றபடியே பூட்டை மட்டும் மாட்டினான். பூட்டுவதைப் பற்றிக் கல்லில் ஒன்றும் இல்லை. பல நாளைக்கு அப்புறம் அன்றுதான் அவன் பாயில் நீட்டி நிமிர்ந்து படுத்தான். உலகம்மாள் மறுநாள் காலையில் சுடலையாண்டிக்குத் தன் கையால் இட்டிலி கொடுத்தனுப்பினாள். ஜெயிலில் இட்டிலி தின்ற முதல் வேட்டித் திருடன் அவனாகத்தான் இருப்பான்.

இப்படியே போயிருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. ஆவணியில் மதராஸிலிருந்து ஜெயில்களைச் சோதிக்க ஓர் அதிகாரி வந்தார். கண்டிப்பானவர். கைதிகளை அடித்தால் சும்மா விடமாட்டார் என்று பேர். தாசில்தாரையும் தாணுமாலயனையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கைதிகளை வரிசையாக நிறுத்தி, குறை ஏதாவது உண்டா என்று கேட்டார். ஒரு குறையும் இல்லை என்றார்கள். அவருக்கு அதுவே சந்தேகமாக இருந்தது.

“சாயங்காலம் ஆறு மணிக்கு இங்கே என்ன நடக்கும்?”

“சாத்துவாவ எசமான்” என்றான் வரிசையில் முதலில் நின்றவன்.

“யாரை?”

“எங்களத்தான்.”

“தினமுமா?”

“ஒரு நா விடாது. தீவாளிக்குக்கூட லீவு கிடையாதுன்னு சொல்லியிருக்காவ.”

அதிகாரியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. யார் சாத்துவது என்று கேட்டார். அத்தனை பேரும் பெருமையாகச் சுடலையாண்டியைக் காட்டினார்கள். ஒரு கைதியை விட்டே மற்றக் கைதிகளை அடிக்க வைக்கிற ஜெயிலை அவர் தன் சர்வீஸிலேயே கண்டதில்லை.

“நீதான் எல்லாரையும் சாத்துறியா?”

“ஆமா எசமான். எல்லாரையும் ஒண்ணாச் சேத்து வச்சு ஒரே சாத்து. அதுல நானும் சேத்திதான்.”

“உனக்கு வலிக்கலையா?”

“மொதல்ல கை கன்னிப்போச்சு. பொறவு எண்ணெ போட்டோம். இப்ப லேசா இருக்கு.”

“ஹெட் வார்டர் சாத்தமாட்டாரா?”

“அவரு சாத்தப்படாது எசமான். வீட்டுல புள்ளத்தாச்சி இருக்கா.”

எங்கே, என் கண் முன்னால் சாத்து பார்க்கலாம் என்றார் அதிகாரி, பல்லைக் கடித்துக்கொண்டு. கைதிகள் குஷியாக உள்ளே ஓடினார்கள். சுடலையாண்டி கதவை இழுத்து, சத்தம் வராமல், பூப்போலச் சாத்தினான். அதிகாரி காத்திருந்தார். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். இந்தப் பக்கம் தாசில்தார் இரண்டு தடவை இருமிவிட்டு, பண்டிதரில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார்.

ஏமாந்துபோன கோபம் இருக்கிறதே, அது மற்ற கோபங்களைப் போல் அல்ல. அதிகாரி கதவைத் திரும்பத் திறக்கச் சொன்னார். தாணுமாலயனைக் கூப்பிட்டார். இந்தக் கதவை இப்போது நீ உன் கையால் அடைக்கிறாய், இல்லையென்றால் பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறாய் என்றார்.

கிணற்றடியில் உலகம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள், எட்டு மாச வயிறு. தாணுமாலயன் வேலையை நினைத்தான், மைத்துனன் வீட்டுத் தொழுவை நினைத்தான். நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவன் கை பெல்ட்டுக்குப் போய்விட்டது. கழற்றி, மடித்து, அதிகாரியின் காலடியில் வைத்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்கு உடுப்பு தொளதொளவென்று இருந்தது.

“நீங்கள் அடையுங்கள்” என்று தாசில்தார் பக்கம் திரும்பினார் அதிகாரி. தாசில்தார் தன் மூன்று பெண்களின் பெயரையும் வரிசையாகச் சொன்னார். முட்டாள்கள் என்று சொல்லிக்கொண்டு அதிகாரி தானே போய்க் கதவைப் பிடித்தார். பிடித்தவர் ஒரு தடவை மேலே பார்த்துவிட்டார். மதராஸில் அவர் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். கதவைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. சாரல் வலுத்தது. அவர் தொப்பியிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது.

“எசமான், நனையுதிய. நான் சாத்திக்கிடட்டுமா?” என்று உள்ளேயிருந்து கேட்டான் சுடலையாண்டி.

அதிகாரி கையை எடுத்துக்கொண்டார். “சாத்து” என்றார். பெல்ட்டைக் காலால் தாணுமாலயன் பக்கம் தள்ளிவிட்டார். போகும்போது, அந்த ஆளுக்குத் தண்டனை இன்னும் எவ்வளவு பாக்கி என்று விசாரித்தார். அடுத்த வாரம் விடுதலை என்றார்கள். அவர் நின்று யோசித்தார். அதன் பலனாகத்தான் சர்க்காரில் அதுவரை இல்லாத ஓர் உத்தியோகம் உண்டானது. உத்தியோகத்தின் பேர் சாத்துவான். காக்கிச் சட்டை, மாசச் சம்பளம், சாயங்காலம் ஒரே ஒரு வேலை. தகுதி: வமிசம் இல்லாதிருத்தல்.

புரட்டாசிக் கடைசியில் சுந்தரபாண்டியபுரத்தில் உலகம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாணுமாலயன் போய்ப் பார்த்தான், அழுதான், மூக்கம்மாள் என்று பேர் வைத்தான். ஆச்சி தன் பேர்க்காரிக்குக் கெடுதல் செய்யமாட்டாள் என்று ஒரு கணக்கு. தாயும் பிள்ளையும் அங்கேயே இருக்க, இவன் வேலைக்குத் திரும்பினான்.

கார்த்திகையில், மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு நாள், சுடலையாண்டி காக்கிச் சட்டையோடு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். சர்க்கார் உத்தியோகஸ்தனுக்குப் பெண் கொடுக்க ஆளா இல்லை? சிவகிரியிலிருந்து சம்பந்தம் வந்து, பாக்கு வெற்றிலை மாற்றியாகிவிட்டது. பெண் பேர் தங்கபுஷ்பம்.

“அண்ணாச்சி, இனிமே என்னால சாத்த முடியாது” என்றான். “எனக்கும் ஒரு புள்ள குட்டி வேணும்லா?”

இந்த மனுஷனும் ஒருநாள் கல்யாணம் பண்ணிக்கொள்வான், பிள்ளை பெறுவான் என்று தாணுமாலயன் ஒரு தடவைகூட நினைத்ததில்லை. தன் வீட்டுப் பிள்ளைக்கு இவன் வீட்டுப் பிள்ளையை முட்டுக் கொடுத்து வைத்திருந்தோமே என்று வெட்கமாகப் போய்விட்டது. கதவுப் பக்கமே வராதே, அடுக்களையில் போய்க் குளிர் காய் என்று அவனை உள்ளே அனுப்பினான். சாமான் போட்டு வைக்கிற உக்கிராண அறையில் கிடந்த பழைய பெஞ்சை இழுத்து வந்து, வாசலுக்குக் குறுக்கே போட்டு, சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தான். கைதிகள் முற்றத்தில் நின்று பாவமாகப் பார்த்தார்கள்.

மணி ஆறு இருக்கும். மழைக்குள்ளிருந்து ஒரு கூண்டு வண்டி வந்து நின்றது. நல்ல நாள் பார்த்து வருகிறேன் என்று சொல்லியிருந்த உலகம்மாள், நாளும் பார்க்காமல் மழையும் பார்க்காமல் வந்து இறங்கினாள். மார்போடு சேலைக்குள் குழந்தை. குடுகுடுவென்று படியேறினாள். உள்ளே போக வழியில்லை.

“எந்திரியும்யா. புள்ள நனையுது, வாசல அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கீரே” என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரெபேக்காள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

தாணுமாலயன் துள்ளி எழுந்து குழந்தையைப் பிடுங்கினான். துணியை விலக்கி முகத்தைப் பார்த்தான், கையைப் பார்த்தான், காலை எண்ணிப் பார்த்தான். மழைத்துளி ஒன்று மூக்கில் விழுந்த கோபத்தில் மூக்கம்மாள் வீறிட்டாள். எட்டு ஊருக்குக் கேட்கிற குரல். கன்னம் இரண்டும் பன்னு மாதிரி இருந்தது.

அவன் பெஞ்சைப் பார்த்தான். இதே பெஞ்சு. இதே இடம். இவள் வயிற்றில் ஐந்து மாசமாக இருந்தபோது, ஒரு வாரம் முழுக்க, இதே வாசலை இப்படித்தான் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அன்றைக்கே போயிருக்க வேண்டிய வமிசம் இதோ கையில் கிடந்து காலால் உதைக்கிறது. வயிற்றுக்குள்ளிருந்து அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது. பெண்டாட்டியையும் பிள்ளையையும் உள்ளே விட்டான். பெஞ்சைத் தூக்கிச் சாலையில் எறிந்தான். கல்லைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். பிறகு கதவின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தான்.

அடுக்களையிலிருந்து சுடலையாண்டி பதறிப்போய் ஓடி வந்தான். “அண்ணாச்சி, என்ன செய்யுதிய?”

“அடைக்கேம்லே” என்றான் தாணுமாலயன்.